என் பிள்ளை திருநர் என்கிறது: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். அவ்வப்போது ஒரு அம்மாவோ அப்பாவோ வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி இந்த விஷயத்தைப் பேசுவார்கள். ஆட்கள்தான் வேறு, கேள்விகள் அதேதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்வியில் ‘பையன்’ என்று வரும் பிள்ளை பதிலில் ‘அவள்’ ஆகியிருந்தால் குழம்ப வேண்டாம், பிள்ளை தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ அப்படி எழுதியிருக்கிறேன். சட்டம், மருத்துவமனை பற்றிய தகவல்கள் தமிழ்நாட்டுக்கானவை.

திருநங்கை, திருநம்பி, திருநர்னு என்னென்னமோ சொல்றாங்க. எது யாரு மேடம்?

பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுவாகத் திருநர். இரண்டிலும் அடங்காமல் இருப்பவர்களும் உண்டு. தெருவிலும் பழைய சினிமா காமெடியிலும் கேட்ட மற்ற சொற்கள் எதுவும் வீட்டுக்குள் வேண்டாம், விளையாட்டுக்குக்கூட.

இதோடு கலக்கக் கூடாதவை இரண்டு. யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது தனி விஷயம். உங்கள் பிள்ளை அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால் நீங்களாக ஊகிக்க வேண்டாம். பிறக்கும்போதே உடலமைப்பு ஆண், பெண் என்று தெளிவாக இல்லாத குழந்தைகள் இடைப்பாலினத்தவர், அதுவும் வேறு. அப்படிப் பிறந்த கைக்குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்து என்றாலொழிய ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2019-ல் ஆணையே போட்டிருக்கிறது.

இது வியாதியா? நல்ல டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடுமா?

வியாதி இல்லை. உலக சுகாதார நிறுவனம் நோய்களைப் பட்டியலிடும் புத்தகத்தின் 11-வது பதிப்பில் இதை மனநோய்கள் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் பதிப்பு 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பாலினம் பற்றிய உணர்வு ஒன்றாகவும் உடல் ஒன்றாகவும் இருப்பதால் வரும் வேதனைக்கு மருத்துவ உதவி உண்டு. அந்த உணர்வை மாற்றுவதற்கு மருந்து கிடையாது.

‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவில், இத்தகைய ‘குணப்படுத்தும்’ முயற்சிகளுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் இதை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஷாக் வைப்பது, ஆண் ஹார்மோனையே இன்னும் கூட்டிக் கொடுப்பது, மாதக்கணக்கில் மையத்தில் பூட்டி வைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

எங்க வளர்ப்புல தப்பா? சின்ன வயசுல அக்கா கவுனைப் போட்டுக்கிட்டப்பவே ரெண்டு போட்டிருக்கணுமோ?

இல்லை. அடித்து வளர்த்த வீட்டிலும் திருநர் பிள்ளைகள் இருக்கிறார்கள், செல்லம் கொடுத்த வீட்டிலும் இருக்கிறார்கள். அம்மா வேலைக்குப் போனது, அப்பா துபாயில் இருந்தது, மூன்று அக்காவுக்கு நடுவே பிறந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தக் காரணம் அம்மாவின் தலையில்தான் விடியும். அதை நம்பாதீர்கள்.

அடித்திருந்தால் ஒன்று நடந்திருக்கும்: பிள்ளை உங்களிடம் சொல்லாமல் மறைத்திருக்கும்.

பதினாலு வயசுல என்ன தெரியும்? போன்ல எதையாவது பாத்துட்டுச் சொல்றாளோ?

போனில் பார்த்து ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கலாம். தனக்குள் இருந்ததற்குப் பெயர் இன்னதென்று அங்கேதான் தெரிந்திருக்கும், ஏனென்றால் நம் பாடப்புத்தகமும் வீடும் அதைச் சொல்லித் தரவில்லை. அதே சமயம், இந்த வயதில் தன்னைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் உண்டு, சில பேர் கொஞ்ச காலம் கழித்து வேறு மாதிரி சொல்வதும் உண்டு. இரண்டையும் ஒத்துக்கொள்வதில் தவறில்லை.

விவரம் தெரிந்த மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான்: எவ்வளவு காலமாக இருக்கிறது, விடாமல் இருக்கிறதா, உடம்பில் பருவ மாற்றம் வர வர வேதனை கூடுகிறதா. மாதவிடாய் நாட்களில் அறைக்குள்ளேயே கிடப்பது, குரல் உடைந்தபின் வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பது, குளிக்கும்போது விளக்கை அணைத்துக்கொள்வது. இதையெல்லாம் போன் கற்றுக்கொடுப்பதில்லை.

உங்களிடம் பிள்ளை கேட்பது இன்றைக்கே தீர்ப்பு இல்லை. ‘நீ சொல்றதைக் கேட்டேன், நம்புறேன், என்கூடவே இரு’ என்பது போதும். இதைச் சொல்வதால் எந்தக் கதவும் பூட்டிக்கொள்ளாது.

முதல்ல சொன்னப்ப கத்திட்டேன். ‘செத்துப்போ’ன்னுகூடச் சொல்லிட்டேன். இப்ப என்ன பண்றது?

போய் ‘அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்பு’ என்று சொல்லுங்கள். ‘ஆனா நீயும் திடீர்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்’ என்று பின்னால் ஒட்டாதீர்கள். நம் ஊரில் பெற்றோர் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லை, அதனாலேயே பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. சிலருக்குப் பேச்சு வராது. பிடித்ததைச் சமைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவார்கள். அது முதல் நாளுக்குச் சரி. வாயால் சொல்ல வேண்டியதை எப்படியும் ஒருநாள் வாயால்தான் சொல்ல வேண்டும்.

பதினஞ்சு வருஷமா ‘வாடா’ன்னு கூப்பிட்டேன். ‘வாடி’ன்னு சொல்ல நாக்கு வரல. பேரும் மாத்திக் கூப்பிடணுமாம்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நேருக்கு நேர் பேசும்போது ‘நீ’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ‘டா’வை விட்டுவிட்டு ‘வாம்மா’ என்றோ ‘கண்ணு’, ‘தங்கம்’ என்றோ ஆரம்பிக்கலாம். மற்றவர்களிடம் பேசும்போது ‘எங்க பிள்ளை’ என்று சொன்னால் போதும். இதெல்லாம் முதல் சில வாரங்களுக்குக் கைப்பிடி. அங்கேயே நின்றுவிட்டால், பெயரைச் சொல்லாமல் தவிர்க்கிறீர்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பெயர் விஷயத்தில் பெற்றோருக்கு வருத்தம் அதிகம், எனக்குப் புரிகிறது. தாத்தா பெயரை வைத்திருப்பார்கள், குலசாமி பெயரை வைத்திருப்பார்கள். சில வீடுகளில் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து, குலசாமியின் பெயர் ஏதாவது ஒரு விதத்தில் வருகிற மாதிரி புதுப்பெயர் தேடியிருக்கிறார்கள். பழைய பெயர் வாயில் வந்துவிட்டால் திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். நின்று அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினால் பிள்ளைதான் உங்களைத் தேற்ற வேண்டி வரும். அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், வீடு, பள்ளி, நண்பர்கள் என்று அதிக இடங்களில் தான் தேர்ந்த பெயரால் அழைக்கப்பட்ட திருநர் இளைஞர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. செலவில்லாத உதவி இது.

அவங்க அப்பாகிட்ட எப்பச் சொல்றது? மாமியாருக்கு வேற ஹார்ட் பிராப்ளம்.

யாரிடம், எப்போது என்பதைப் பிள்ளையிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களிடம் சொன்னது உங்களுக்காகச் சொன்னது. அத்தையிடமோ சித்தியிடமோ ‘யார்கிட்டயும் சொல்லிடாத’ என்று நீங்கள் சொல்லிவைத்தால் வாரக் கடைசிக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் இருக்கும்.

அப்பா கை நீட்டுகிறவர் என்றால் கணக்கு வேறு. முதலில் அவர் மதிக்கிற ஒருவரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்: தாய்மாமாவோ, பெரியப்பாவோ, பள்ளி வாத்தியாரோ. சொல்லும் நாளில் அவரும் வீட்டில் இருக்கட்டும், அன்று இரவு பிள்ளை படுக்க வேறொரு வீடும் தயாராக இருக்கட்டும். பாட்டிகளைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் நான் பார்த்தவரை பாட்டிகள்தான் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் பார்க்காததா.

பெரிய மனுஷி ஆயிட்டா. தாய்மாமா சீரெல்லாம் எடுத்துட்டார், மண்டபமும் பேசியாச்சு. இவ செத்தாலும் சேலை கட்ட மாட்டேங்கிறா.

மண்டபத்தை ரத்து செய்யுங்கள். மற்ற விஷயங்களில் நிதானமாக யோசிக்கச் சொல்கிறேன், இதில் மாட்டேன். தன்னைப் பையனாக உணரும் பிள்ளைக்கு, தன் உடம்பு தனக்கு எதிராகப் போன நாளை ஊரைக் கூட்டி, ஃபிளெக்ஸ் வைத்து, நலங்கு வைத்துக் கொண்டாடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருநம்பிகள் பலர் தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளாகச் சொல்வது இந்த மஞ்சள் நீராட்டைத்தான். அந்த போட்டோ ஹாலில் மாட்டியே இருக்கும் வேறு.

சொந்தக்காரர்களுக்குச் சொல்ல சாக்கா இல்லை? பரீட்சை, உடம்பு சரியில்லை, ‘இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு’ என்று பிள்ளையின் அப்பாவே சொல்லிவிட்டார். கடைசிச் சாக்கை இப்போது எத்தனையோ வீடுகளில் உண்மையாகவே சொல்கிறார்கள். தாய்மாமா மனம் கோணாமல் இருக்க, சீர்ப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்குப் போட்டுவைக்கச் சொல்லிக் கேட்கலாம். மொய் வரவு போச்சே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மந்திரிச்சுக் கயிறு கட்டினா பலன் இருக்குமா?

கோயிலுக்குப் போய் உங்கள் மனசு அமைதியானால் போய் வாருங்கள். பிள்ளையைப் பேய் ஓட்டக் கூட்டிப்போகாதீர்கள். அங்கே வேப்பிலையோடு நிற்பதில்லை, அடியும் சூடும் பட்டினியும் கூடவே வரும்.

முடியை வெட்டிக்கணும்கிறா, பேன்ட்தான் போடுவேன்கிறா. விட்டா கூடிக்கிட்டே போகுமோ?

எதைத் திரும்ப மாற்ற முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பாருங்கள். முடி, துணி, பெயர், கம்மல், செருப்பு எல்லாம் நாளைக்கே மாற்றக்கூடியவை. அதில் தாராளமாக இருங்கள். முடி வளரும். திரும்ப மாற்ற முடியாதவற்றுக்குத்தான் டாக்டர், காலம், ஆலோசனை எல்லாம் வேண்டும். சின்னதில் விட்டுக்கொடுத்தால் பெரியதைக் கேட்பான் என்று பயப்படுகிறார்கள். நான் பார்ப்பது, சின்னது கிடைத்த பிள்ளைகளுக்குப் பெரியதற்குக் காத்திருக்கும் பொறுமை வந்துவிடுகிறது.

நெஞ்சுல கிரேப் பேண்டேஜைச் சுத்திச் சுத்திக் கட்டிக்கிறான். மூச்சு வாங்குது.

கிரேப் பேண்டேஜ் வேண்டவே வேண்டாம். அது சுளுக்குக்கானது; உடம்பு அசைய அசைய இறுகும். விலா எலும்பில் வலி, மூச்சுத்திணறல், தோலில் புண் எல்லாம் அதனால்தான் வரும். ஒட்டும் டேப்பைச் சுற்றுவதும் அப்படியே. ஆனால் பிடுங்கி எறிந்தால் பள்ளிக்கே போக மாட்டேன் என்பான். அதனால் மாற்று கொடுங்கள்: சரியான அளவில் ஸ்போர்ட்ஸ் பிரா, மேலே அடர்ந்த நிறத்தில் கொஞ்சம் தளர்ந்த சட்டை. இதற்கென்றே தைத்த பைண்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. அளவெடுத்து வாங்க வேண்டும், ஒரு சைஸ் சின்னதாக வாங்கக் கூடாது.

பைண்டர் போட்டால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போதும் பி.டி. பீரியடிலும் கழற்ற வேண்டும். நம் வெயிலுக்கு வேர்க்குரு வரும், வாரத்தில் சில நாள் ஓய்வு கொடுக்கட்டும். வலித்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

பையன் பையில மாலா-டி மாத்திரை இருந்துச்சு. எதுக்கு அது?

கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறது, மார்பு வளரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். திருநங்கைகள் நடுவே இது பழைய பழக்கம். டாக்டர்கள் மதித்துப் பேசாத காலத்தில் மருந்துக்கடையை நம்பி ஆரம்பித்தது. எத்தனை மாத்திரை என்ற கணக்கே இல்லாமல் விழுங்குவதால் ரத்தம் உறைந்து காலிலோ நுரையீரலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கல்லீரலும் கெடலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சுவாங்கினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், மாத்திரை விவரத்தையும் அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

திட்டினால் ஒளித்து வைக்கும் இடம்தான் மாறும். ‘இதை நிறுத்து, நாம டாக்டர்கிட்ட போவோம்’ என்று சொல்லி, சொன்னபடி கூட்டிப்போங்கள்.

ஹார்மோன், ஆபரேஷன் எல்லாம் எந்த வயசுல? இப்பவே பண்ணணும்னு அழறா.

அறுவை சிகிச்சை பதினெட்டு ஆனபின்தான். அதில் பேரம் இல்லை. ஹார்மோன் சிகிச்சையும் இங்கே பெரும்பாலான டாக்டர்கள் பதினெட்டுக்குப் பிறகே தொடங்குகிறார்கள். சர்வதேச வழிகாட்டல்கள் சில பதினாறு வயதை ஒட்டி, பெற்றோர் சம்மதத்தோடும் முழு மதிப்பீட்டோடும் தொடங்கலாம் என்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் போட்டால் உடையும் குரலும் முளைக்கும் மீசையும் மருந்தை நிறுத்தினாலும் போகாது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் மார்பும் அப்படியே. பின்னால் குழந்தை பெறும் வாய்ப்பையும் பாதிக்கலாம் என்பதால், கருமுட்டை அல்லது விந்தணு சேமிப்பு பற்றி முன்பே பேச வேண்டும்.

பருவ மாற்றத்தைத் தள்ளிப்போடும் ஊசி பற்றிப் பிள்ளையே படித்துவிட்டு வந்து கேட்கும். அளவுக்கு முன்பே வயதுக்கு வந்துவிடும் குழந்தைகளுக்கு வெகுகாலமாகப் போடப்படுகிற மருந்துதான். திருநர் பிள்ளைகளுக்குப் போடுவதில் டாக்டர்கள் நடுவே கருத்து பிரிந்து கிடக்கிறது. சில நாடுகளில் கவனமாகக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 2024-ல் வெளிவந்த காஸ் ஆய்வறிக்கை, ஆதாரம் போதாது என்றது. அங்கே அரசு மருத்துவத்தில் இதை வழக்கமாக எழுதித் தருவது நின்றுவிட்டது. எலும்பு உறுதி பற்றிய கவலையும் உண்டு. நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது, பெரியப்பாவிடமோ யூடியூபிலோ இல்லை.

‘இப்பவே’ என்று அழும் பிள்ளையிடம் ‘முடியாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ‘இன்னும் ரெண்டரை வருஷம் இருக்கு, அதுவரைக்கும் இதெல்லாம் செய்யலாம்’ என்று ஒரு காகிதத்தில் சேர்ந்து எழுதுங்கள்: முடி, பெயர், பிளஸ் டூ, மாதம் ஒருமுறை ஆலோசகர். திருநம்பிக்கு மாதவிடாய்தான் பெரிய துயரம் என்றால், அதைக் கட்டுப்படுத்த மகளிர் மருத்துவரிடம் தனியாக வழி உண்டு, அதற்குப் பதினெட்டு வரை காத்திருக்க வேண்டாம்.

எந்த டாக்டரைப் பாக்கறது? நல்லவரான்னு எப்படித் தெரியும்?

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்று தனிச் சிறப்புப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர், சுரப்பி மருத்துவர், அறுவை நிபுணர் எல்லோரும் ஒரே ஏற்பாட்டில். தனியார் என்றால் முதலில் பிள்ளை இல்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். ‘இதை மாத்த முடியுமா டாக்டர்?’ என்று கேளுங்கள். ‘மாற்ற வேண்டியதில்லை, வேதனையைக் குறைக்கலாம்’ என்பவரிடம் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். ‘ஆறே மாசத்துல பையனாக்கித் தர்றேன்’ என்பவரைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். முதல் சந்திப்பிலேயே ஹார்மோன் எழுதித் தருபவரும் வேண்டாம்.

கையில கீறல் கீறலா இருக்கு. கேட்டா பூனைங்கிறான்.

பூனை இல்லை என்று உங்களுக்கே தெரியும். தனியாக உட்காரவைத்து நேராகக் கேளுங்கள்: ‘சாகணும்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் அன்று இரவு தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, தூக்க மாத்திரை, பிளேடு, சேலை, கயிறு எல்லாம் கைக்கெட்டாத இடத்துக்குப் போகட்டும். கிராமத்தில் விவசாய வீடு என்றால் பூச்சிமருந்து முதல் வேலை, அதை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள்.

14416 டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை ஆபத்தில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108.

ஸ்கூல்ல சொல்லலாமா? டாய்லெட், யூனிஃபார்ம் எல்லாம் எப்படி?

பிள்ளைக்குச் சம்மதம் என்றால் தலைமை ஆசிரியரிடமும் ஒரே ஒரு வகுப்பாசிரியரிடமும் சொன்னால் போதும். கேட்பதைச் சின்னதாக, தெளிவாகக் கேளுங்கள்: ஆசிரியர் கழிப்பறையையோ மாற்றுத்திறனாளி கழிப்பறையையோ பயன்படுத்த அனுமதி, இரட்டை ஜடை கட்டாயத்திலிருந்து விலக்கு, பி.டி. பீரியடில் ஆண், பெண் என்று பிரிக்கும்போது ஒரு வழி, கேலி செய்தால் புகார் சொல்ல ஓர் ஆள். திருநர் மாணவர்களிடம் பாகுபாடு காட்டாமல் கல்வி தர வேண்டும் என்று, அரசு நிதி பெறும் பள்ளியையும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியையும் 2019-ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தலைமை ஆசிரியர் இழுத்தடித்தால் அதை எழுத்தில் கொடுங்கள். எழுத்தைக் கண்டால் நம் அலுவலகங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

பள்ளி மாற்ற நினைத்தால் பத்தாவது முடிந்தபின் நல்ல நேரம். பெண்கள் பள்ளியில் தவிக்கும் திருநம்பிக்கு, பிளஸ் ஒன்னில் இருபாலர் பள்ளி பெரிய விடுதலை. எல்லோரும் பள்ளி மாறும் வருடம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ‘கேலி பண்றாங்க, நின்னுடட்டும், பிரைவேட்டா எழுதிக்கலாம்’ என்பதை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சர்டிஃபிகேட்ல பேரும் பாலினமும் மாத்தணுமாம். எங்க போகணும்?

பதினெட்டு ஆகாதவருக்குப் பெற்றோர்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2019 சட்டப்படி திருநர் அடையாளச் சான்றிதழ் தருபவர் மாவட்ட ஆட்சியர்; மத்திய அரசின் தேசிய இணையதளம் வழியாக விண்ணப்பம் போகும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகிறவை. அதனால் விண்ணப்பிக்கும் முன் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் அன்றைக்கு நடப்பில் உள்ள விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள். வக்கீல் உதவி இலவசமாக வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100.

அவசரம் இருக்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். வீட்டில் பெயர் மாறினாலே பல பிள்ளைகளுக்கு இப்போதைக்குப் போதும். ஒன்று மட்டும்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் பெயர்தான் பிறகு எல்லா இடத்துக்கும் போகும். அரசிதழில் பெயர் மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டால், தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பே செய்வது பின்னால் பல அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இவ எதிர்காலம் என்ன ஆகும்? கடை கடையா கை தட்டிப் பிச்சை எடுக்கத்தானா?

கடை கேட்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பதினைந்து, பதினாறு வயதில் வீட்டைவிட்டு வந்தவர்கள் அல்லது துரத்தப்பட்டவர்கள். படிப்பு பாதியில் நின்றது, கையில் சான்றிதழ் இல்லை, தங்க இடம் தரும் ஒரே இடம் ஜமாத், அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழும் குழு. அங்கே ஒரு தாயம்மா கிடைப்பார், சோறு கிடைக்கும், வருமானத்துக்கு வேறு வழி கிடைக்காது. திருநங்கையாகப் பிறந்ததால் இப்படி ஆகவில்லை. வீடு போனதால் ஆனது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வீடும் படிப்பும் இருந்தால் என்னவாகலாம் என்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம் வரை போராடி 2017-ல் காவல் உதவி ஆய்வாளர் ஆனார். சத்யஸ்ரீ சர்மிளா 2018-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். இவர்களில் பலர் வீட்டு ஆதரவு இல்லாமலே இவ்வளவு தூரம் வந்தவர்கள். உங்கள் பிள்ளை கலெக்டராக வேண்டியதில்லை, ஒரு பி.காம். முடித்து வேலைக்குப் போகட்டும். உயர்கல்வி படிக்கும் திருநர் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று தமிழக அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. கல்லூரியில் சேரும்போது கேட்டு வாங்குங்கள்.

திருநங்கைங்ககூட பழகறா. அவங்க கூட்டிட்டுப் போயிடுவாங்களோ?

தன்னைப் போன்ற பெரியவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. தடுத்தால் ரகசியமாகப் போவாள். நீங்களே கூடப் போங்கள், வீட்டுக்கு அழைத்து ஒரு காபி கொடுங்கள். மூத்த திருநங்கைகள் பலர் ‘வீட்டை விட்டு வராத, படி’ என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள், அவர்கள் பட்டது அவர்களுக்குத் தெரியும். ஆன்லைனில் அறிமுகமாகி ‘வா, ஆபரேஷன் பண்ணி விடறேன்’ என்று கூப்பிடும் ஆள் வேறு ரகம். அங்கே போலீஸ் வரை போகலாம்; பதினெட்டுக்குக் கீழ் எந்தப் பிள்ளைக்கும் பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டம் பாலின வேறுபாடு பார்ப்பதில்லை.

பிள்ளை வெளியே போகிற பயத்தைவிட, வீடே வெளியே தள்ளுவதுதான் அதிகம். அது குற்றம் என்று பலருக்குத் தெரியாது. குடும்பத்தோடு வாழும் உரிமை 2019 சட்டத்தில் இருக்கிறது. திருநர் ஒருவரை வீட்டைவிட்டு விரட்டினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை.

கல்யாணம்? பேரப்பிள்ளை?

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதை யோசிக்கிறீர்கள்! சரி, கேட்டதால் சொல்கிறேன். ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-ல் தீர்ப்புச் சொல்லிப் பதிவு செய்ய உத்தரவிட்டது. குழந்தை பற்றி ஹார்மோன் கேள்வியில் சொன்னதைப் பாருங்கள்.

தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?

சில சம்பந்தம் தட்டிப்போகும். பொய் சொல்ல மாட்டேன். தட்டிப்போகிற அந்த வீட்டில் உங்கள் இளைய மகள் வாழப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும் யோசியுங்கள். அதைவிட அவசரமானது, தங்கை இப்போது என்ன நினைக்கிறாள் என்பது. வீட்டில் எல்லோரும் ஒரே பிள்ளையைச் சுற்றி நிற்கும்போது, இன்னொன்று சத்தமில்லாமல் மார்க்கில் சரிந்திருக்கும். பள்ளியில் அவளையும் கேலி செய்கிறார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் மனசு மாறிட்டா? ஊர் முழுக்கச் சொன்னதெல்லாம் என்ன ஆகறது?

முடி பற்றிய கேள்வியில் சொன்ன கணக்கேதான். பதினெட்டு வரை செய்வது பெரும்பாலும் திரும்ப மாற்றக்கூடியது, ஊர் முழுக்கச் சொல்லவும் வேண்டியதில்லை. பிள்ளை நாளை வேறு மாதிரி சொன்னால், அதையும் வந்து சொல்லும் தைரியம் இருக்க வேண்டும். ‘இவ்வளவு பண்ணினோமே, இப்ப இப்படிச் சொல்றியே’ என்று கேட்கும் வீட்டில் அந்தத் தைரியம் வராது. ‘எப்படியும் மாறிடுவ பாரு’ என்று தினமும் சொல்லும் வீட்டிலும் வராது, அங்கே பிள்ளை பிடிவாதத்துக்காவது நின்றுவிடும்.

எல்லாம் செய்றேன். ஆனா உள்ளுக்குள்ள ஏத்துக்க முடியல மேடம். நடிக்கிற மாதிரி இருக்கு.

மேலே சொன்ன 2021 வழக்கில், தீர்ப்பெழுத வேண்டிய நீதிபதியே தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீங்களும் போகலாம். பிள்ளைக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பதைப் போல உங்களுக்கும் ஒருவர் வேண்டும், அது பிள்ளையாக இருக்கக் கூடாது. பெயர் வைத்து, கனவு கண்டு வளர்த்தது ஒன்று இல்லாமல் போன மாதிரி அழுகை வரும். அழுங்கள், அவள் டியூஷன் போயிருக்கும் நேரத்தில்.

மற்றபடி, புதுப்பெயரைக் கூப்பிடுகிறீர்கள், ஸ்கூலில் போய்ப் பேசுகிறீர்கள், டாக்டரிடம் வரிசையில் நிற்கிறீர்கள். இதற்குப் பெயர் நடிப்பு என்றால், தொடர்ந்து நடியுங்கள்.